தகவல் தருபவர்

சர்வர் கண்ட்ரோல் என்றாலே எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். பதினெட்டு வருஷமாக வெப்சைட் எழுதிப் பிழைக்கிறவள் நான். நான் எழுதாத ஒரு வரி என் பக்கத்தில் இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், நடந்ததெல்லாம் இதைச் சுற்றித்தான். வெப் படிவத்தில் பெயர் எழுத ஒரு கட்டம் வேண்டுமென்றால் அதை இரண்டு விதமாக வைக்கலாம். வெறும் எச்டிஎம்எல்லில் நாமே எழுதி வைப்பது ஒன்று. அது வெறும் கட்டம்தான், எழுதியதை அனுப்பிவிட்டு அத்தோடு எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்னொன்று ஃபிரேம்வொர்க் என்கிற தயார் மென்பொருள் தரும் ரெடிமேட் கட்டம். அதைத்தான் சர்வர் கண்ட்ரோல் என்கிறோம். அது எதையும் மறக்காது. ஒவ்வொரு அசைவுக்கும் சர்வரிடம் ஓடிப்போய்க் கேட்டு வரும், விட்டுப்போனதைச் சிவப்பு எழுத்தில் காட்டித் திருப்பி அனுப்பும். சோம்பேறிகளுக்கு வசதி என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

அப்துல் ரஹீம் அண்ணனுக்குச் சூலியா ஸ்ட்ரீட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தக் கடைக்கு மாடியில்தான் தமிழ் முஸ்லிம்களின் மரண சகாயச் சங்கம் இருந்தது, அவர் அதன் செயலாளர். யாராவது இறந்துவிட்டால் முதலில் சங்கத்துக்குத் தகவல் வரும். சங்கம் வேன் அனுப்பும், குளிப்பாட்ட ஆள் அனுப்பும், உடலைச் சுற்றக் கஃபன் துணி அனுப்பும், மையவாடியில் குழி வெட்டச் சொல்லும். எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும் என்பதால் தகவல் ஒரே நொடியில் எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு வெப் படிவம் வைத்திருந்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஹைதர் என்பவன் எழுதிக் கொடுத்தது. முழுக்க முழுக்க சர்வர் கண்ட்ரோல். இப்போது அது மெதுவாகிவிட்டது, போனில் சரியாகத் திறப்பதில்லை. பழையதைச் சரிசெய்யலாமா, வெறும் எச்டிஎம்எல்லில் புதிதாக எழுதலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படி ஏறும்போதே என்ன சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு வேலை பறிபோன வருஷம், கண் பரிசோதனைக்கு வந்த என்னிடம் பேச்சுக் கொடுத்து, நாலு கடைக்காரர்களிடம் என் பெயரைச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தவர் ரஹீம் அண்ணன். கூடப் பிறந்த அண்ணன்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஒரே மகள் ஐனா கல்யாணமாகிப் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் ஃபெர்ரி ஏறிக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ரயிலில் மகள் வீட்டுக்குப் போவார். அறுபத்து நாலு வயதில் அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அந்த ஃபெர்ரி. கடையில் யாரிடம் பேசினாலும் கடைசியில் கடல்காற்றுப் பேச்சில் வந்து நிற்பார்.

முதல் நாள் படிவத்தைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தேன். சங்க உறுப்பினர் எண் ஒன்று போட்டால்தான் அது நகரும். கவுண்டரில் பதினைந்து வருஷமாக இருக்கும் சலேஹா, சோதனைக்கென்றே ஹைதர் ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அது எப்போதோ இறந்துபோன ஒருவருடையது, அதை மட்டும்தான் போட வேண்டும் என்று சொல்லி மேஜை இழுப்பறையைக் குடைந்தாள். ஒரு காகிதத்தைத் தேட எவ்வளவு நேரம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. உயிரோடு இருக்கிற எண் ஒன்று சொல்லுங்கள் போதும் என்றேன். கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்த ரஹீம் அண்ணன் சிரித்துக்கொண்டே, “என் நம்பரையே போடுலா, நான் என்ன கொறஞ்சா போயிடுவேன்” என்றார்.

சலேஹாவின் கை இழுப்பறைக்குள்ளேயே நின்றது. நான் அவர் எண்ணைப் போட்டேன்.

இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். கைக்கு அகப்பட்ட பெயரைப் போட்டுச் சோதிப்போம், தம்பி பெயர், முதலாளி பெயர், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பெயர். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. இறந்த இடம் என்ற பட்டியலில் முதலாவதாக இருந்த ‘வீடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பக்கம் ஒருமுறை வெள்ளையாக மின்னி சர்வருக்குப் போய் வந்தது. பார்த்தீர்களா, ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நக்கலடித்தேன். கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்பினேன். சிவப்பில் வந்து நின்றது: தகவல் தருபவரின் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் தேவை.

அந்தக் கட்டம் எதற்கு, அதை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். ரஹீம் அண்ணன் காரணத்தைச் சொன்னார். படிவம் வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன், ஜெலுத்தோங்கில் ஒரு பெரியவர் மௌத்தாகிவிட்டார் என்று யாரோ சங்கத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள். குழியும் வெட்டியாகிவிட்டது. சாயங்கால அஸர் தொழுகைக்கு அந்தப் பெரியவரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாராம். வெட்டிய குழியைச் சும்மா மூடக்கூடாது என்று பயந்து ஒரு வாழைத்தண்டை அதில் வைத்து மூடினார்கள். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை, மக்களுடைய பயம் என்றார். அன்றிலிருந்து சங்கத்தில் ஒரு சட்டம். உறுப்பினர் ஒருவர் தன் பெயரையும் ஐசி எண்ணையும் கொடுத்துச் சொல்லாதவரை சங்கத்தைப் பொறுத்தவரை யாரும் இறப்பதில்லை.

நல்ல சட்டம்தான் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வீட்டில் என் லேப்டாப்பில் திறந்தேன். ரஹீம் அண்ணன் பெயர் படிவத்தில் இருந்தது. பிரவுசரின் பழைய ஞாபகம் என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திறந்தேன். இருந்தது. போனில் திறந்தேன், அதிலும் இருந்தது. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிகிற மாதிரி ஹைதர் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறான் என்று அவனை வாய்விட்டுத் திட்டினேன். அரைநாள் அவன் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். கோளாறு எதுவும் இல்லை. நான்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டேன். அது வேறு எரிச்சலாக இருந்தது.

திரும்பப் படிவத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இறந்த இடம் ‘வீடு’ என்று இல்லை. ‘மற்றவை’ என்று மாறி, பக்கத்துக் கட்டத்தில் ‘ஃபெர்ரி’ என்று எழுதியிருந்தது.

சலேஹா விளையாடுகிறாள் என்று நினைத்துப் போன் செய்தேன். அவள் அன்று விடுப்பு, நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள், பின்னால் நாதஸ்வரமும் ஆட்களின் சத்தமும் கேட்டது. யார் யார் படிவத்தைத் திறந்தார்கள் என்று சர்வரின் பதிவைப் பார்த்தேன். என் லேப்டாப், என் போன், வேறு யாரும் இல்லை. ஆனாலும் மனுஷி அறிவுக்கு எட்டிய காரணத்தைத்தானே தேடுவாள், அன்று முழுக்க நான் கோளாறைத்தான் தேடினேன்.

அந்த வாரம் திறந்த ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு கட்டம் நிரம்பியிருந்தது. குளிப்பாட்ட ஆள் தேவை, ஆம். கஃபன் அளவு, ஐந்தரை அடி. அது அவருடைய உயரம். இறந்த நேரம், மாலை 4.20. தேதி, அந்த வாரத்து வெள்ளிக்கிழமை. பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில்தான் சர்வர் கண்ட்ரோல் தன் ஞாபகத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தேன். ரஹீம் அண்ணனுடைய விவரம் மட்டும்தான் இருந்தது, நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதன் கீழே அந்தச் சிவப்பு வரி.

வியாழக்கிழமை அவரிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்குத் தெரியாது. அவர் ஒரு கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தபடி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடக்க வேண்டியது எப்போதோ எழுதப்பட்டுவிட்டது, கம்ப்யூட்டரில் இல்லை, நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் ஃபெர்ரி ஏறவில்லை. கொம்தார் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்துக் கடல் பாலத்து வழியாகச் சுற்றிப் போனார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சலேஹா சொல்லித்தான் தெரியும். மனுஷர் பயந்திருக்கிறார், அதற்குக் காரணம் நான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

வெள்ளி தாண்டியது, ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை படிவத்தைத் திறந்தேன். தேதி அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மாறியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. அது காத்திருந்தது.

சலேஹாவை நச்சரித்து ஹைதரின் போன் எண்ணை வாங்கினேன். அவன் இப்போது சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறான், கம்ப்யூட்டர் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும் அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

“யாரோட நம்பரைப் போட்டீங்க, அக்கா?”

சொன்னேன். அவன் கிடங்குச் சத்தத்தை விட்டு வெளியே நடப்பது கேட்டது. பிறகு சொன்னான். முதன்முதலில் அந்தப் படிவத்தை அவனும் வெறும் எச்டிஎம்எல்லில்தான் எழுதினான். அதில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடலாம், திருப்பி அனுப்ப ஆள் கிடையாது. தன் தம்பி முஸ்தஃபாவின் எண்ணைப் போட்டுச் சோதித்திருக்கிறான். அன்று இரவே அந்தப் பதிவு தானாக முழுமையாகி, யார் பெயரும் இல்லாமல் எல்லோருக்கும் தகவலாகப் போனது. வேன் ஓட்டுநர் விஷயம் தெரியாமல் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முஸ்தஃபா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மறுநாள், எழுதியிருந்த இடத்தில், எழுதியிருந்த நேரத்தில் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் ஹைதர் எல்லாவற்றையும் சர்வர் கண்ட்ரோலாக மாற்றி, அந்தச் சிவப்பு வரியை வைத்தான்.

“எழுதறது யாருன்னு எனக்குத் தெரியாது, அக்கா. ஆனா அதுக்குன்னு சொந்தமா ஒரு பேரு இல்ல. அதான் அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியல. அந்த ஃபார்மை அப்படியே விட்டுடுங்க” என்றான்.

எத்தனை நாளைக்கு விடுவது என்று கேட்டேன். அவர் இருக்கிற வரைக்கும் என்றான். ஒரு மனிதர் தன் சாவுச் சீட்டு பாதி நிரம்பிய நிலையில் மீதி வாழ்நாளை எல்லாம் பாலத்து வழியாகச் சுற்றிப் போக வேண்டுமா என்று அவனிடம் சண்டை போட்டேன். உன் தம்பிக்கு நடந்தது பழைய படிவம் வெறும் எச்டிஎம்எல் என்பதால் இல்லை, அதில் காவல் இல்லை என்பதால்தான், நான் எழுதினால் சிவப்பு வரியோடுதான் எழுதுவேன் என்றேன். அவன் தகராறு செய்யவில்லை. சிவப்பு வரி இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பழைய வேலையை விட்டுக்கொடுக்க மனசில்லாதவன் என்று அப்போது நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அவன் சொன்னபடி விட்டிருப்பேனோ என்னவோ, புதன்கிழமை சங்கத்தில் நான் பார்த்ததுதான் என்னை உந்தித் தள்ளியது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது, கீழே தெருவில் சுற்றுலாக்காரர்கள் மூன்று சக்கர டிரைஷாவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். சலேஹாவும் நானும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கீபோர்டு மேல் யார் கையும் இல்லை. பக்கம் வெள்ளையாக ஒருமுறை மின்னியது. கடைசிக் கட்டத்தில் ‘அ’ என்று ஓர் எழுத்து வந்தது. பக்கம் மின்னியது, எழுத்து போய்ச் சிவப்பு வரி வந்தது. மறுபடி மின்னி ‘அப்’ என்று வந்தது, அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ‘அப்துல் ரஹீம்’ என்று முழுதாக வந்தது, இறந்தவரே தகவல் தர முடியாதே, அதையும் சர்வர் திருப்பி அனுப்பியது. எந்த அவசரமும் இல்லை அதற்கு.

பிறகு ‘ரமணி’ என்று வந்தது.

என் பெயர் ரமணி. நான் இந்து, சங்கத்தில் உறுப்பினர் இல்லை, அதனால் சர்வர் ஏற்றுக்கொள்ளவில்லை. என் பெயர் அழிந்து சிவப்பு வரி வந்ததைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சர்வர் கண்ட்ரோலுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். அடுத்த மின்னலில் ‘சலேஹா’ என்று முழுப் பெயரும் தகப்பன் பெயரோடு வந்தது. அவள் உறுப்பினர். பக்கத்துக் கட்டத்தில் ஐசி எண் ஒவ்வொன்றாக ஏறியது. பன்னிரண்டு இலக்கம். கடைசி இலக்கம் மட்டும் தப்பு. சிவப்பு வரி வந்தது.

சலேஹா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். “நான் சொன்னதா போயிடும், அக்கா. நான் சொல்லாமலே நான் சொன்னதா போயிடும்” என்றாள்.

ஒரே ஓர் இலக்கம். மீதி ஒன்பது எண்களைப் போட்டுப் பார்க்க அதற்கு எத்தனை நேரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. இனி இந்தப் பழைய படிவத்தை நம்பி உட்கார முடியாது என்று எனக்குத் தோன்றியது. அது ரஹீம் அண்ணனை மறக்காமல் வைத்திருப்பதுதானே பிரச்சினை. மறக்கிற படிவமாக எழுதிவிட்டால் பாதி நிரம்பிய சீட்டு என்ற ஒன்றே இருக்காது. முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்தேன், பிறகு என் லேப்டாப் வழியாகப் பழைய படிவத்தை சர்வரிலிருந்து இறக்கினேன். அன்று சாயங்காலமும் மறுநாள் பகல் முழுவதும் எழுதினேன். வெறும் எச்டிஎம்எல், என் கைப்பட, ஒவ்வொரு கட்டமாக. தகவல் தருபவர் கட்டத்தை மறக்கவில்லை. அதற்கு ‘ரிக்குவயர்டு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், காலியாக விட்டு அனுப்பினால் பிரவுசரே தடுத்து நிறுத்திவிடும். அதைச் சேர்த்தேன், சிவப்பு நிறமும் கொடுத்தேன். சர்வர் பக்கத்திலும் அதே சோதனையை எழுத வேண்டும். எந்தப் புதுப் பையனுக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். ஆனால் வியாழக்கிழமை ஐந்து மணி ஆகிவிட்டது, படிவம் இல்லாமல் சங்கம் முந்தின நாளிலிருந்து தடுமாறிக்கொண்டிருந்தது, யாராவது நிஜமாகவே இறந்தால் என்ன செய்வது என்று கமிட்டியில் இருந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று ஏற்றிவிட்டேன்.

புதுப் படிவத்தை நான் திறந்தேன், சலேஹா திறந்தாள், ரஹீம் அண்ணன் தன் போனில் திறந்தார். எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது. மூடித் திறந்தோம், காலி. பாதி எழுதிவிட்டு மூடித் திறந்தோம், மறந்திருந்தது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தேன், சிவப்பில் தடுத்தது. வெள்ளிக்கிழமை காலையிலும் காலி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினெட்டு வருஷ அனுபவத்துக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது என்று சலேஹாவிடம் பீற்றிக்கொண்டேன். ஹைதருக்கு ஒரு செய்திகூட அனுப்பினேன், புதுப் படிவம் ஏறிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று. அவன் அதைப் படிக்கவில்லை.

ஜும்மா முடிந்து வந்த ரஹீம் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கொம்தாருக்குக் கிளம்பினார். நான்தான் நிறுத்தினேன். எதற்கு அண்ணே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நசுங்கிக்கொண்டு போகிறீர்கள், அதெல்லாம் முடிந்துவிட்டது, நாலு மணிக்குக் காற்று வாங்கிக்கொண்டு ஃபெர்ரியில் போங்கள் என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. என் வேலை மேல் நம்பிக்கை இல்லையா என்றுகூடக் கேட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐனாவுக்கு இரண்டு பொட்டலம் பலகாரம் வாங்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்து போனார். ஜன்னலில் நின்று, அவர் தலை மறையும்வரை பார்த்தேன்.

நாலு மணி ஆறு நிமிடத்துக்குச் சலேஹாவின் போனில் மணி அடித்தது. அதே நேரத்தில் மேஜையில் இருந்த சங்கத்துப் போனிலும் அடித்தது. புதிய மரணத் தகவல். வேன் ஓட்டுநருக்கும் குளிப்பாட்டுபவருக்கும் குழி வெட்டுபவருக்கும் அது இந்நேரம் போயிருக்கும். சலேஹா படித்துவிட்டுப் போனை என் பக்கம் நீட்டினாள்.

இறந்தவர், அப்துல் ரஹீம். இடம், ஃபெர்ரி. நேரம், மாலை 4.20. தேதி, இன்று. தகவல் தருபவர் என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ரிக்குவயர்டு என்ற சொல் பிரவுசருக்குப் போடும் உத்தரவு. படிவத்தைத் திறந்து, கட்டத்தை நிரப்பி, பொத்தானை அமுக்குகிற மனிதர்களைத்தான் அது நிறுத்தும். நேராக சர்வருக்கே வந்து கொடுப்பவர்களை அது பார்க்கவே பார்க்காது. அங்கே நிறுத்திக் கேட்க ஹைதர் ஓர் ஆளை வைத்திருந்தான். நான் அந்த ஆளை எடுத்துவிட்டேன், சோம்பேறிகளின் வசதி என்று. பெயரில்லாத ஒன்று பெயர் இல்லாமலே உள்ளே வந்து தகவல் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

பதிவை அழித்தேன். விட்டுப்போன சோதனையை நின்றபடியே எழுதி ஏற்றினேன், இரண்டு தடவை தப்பாக அடித்தேன். எதற்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் செய்தேன். பிறகு அவருக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“ஃபெர்ரிலதான்மா. நீதானே போகச் சொன்னே. இப்பத்தான் கெளம்புச்சு, காத்து நல்லா அடிக்குது.”

இன்ஜின் சத்தமும் பக்கத்தில் ஏதோ குழந்தை சிரிப்பதும் கேட்டது. என் மூச்சை அவர் கேட்டிருக்க வேண்டும். சாதாரணமாகவே கேட்டார்.

“வந்துடுச்சா?”

“மன்னிச்சிருங்கண்ணே. என் தப்புதான். நான் ஒன்னை எழுதாம விட்டுட்டேன்.”

“நேரம் அதேதானா?”

“அதேதான். நாலு இருபது.”

சுவர்க் கடிகாரத்தில் நாலு பதினொன்று. நான் என்னென்னவோ பேச ஆரம்பித்தேன். கப்பல் ஆட்களிடம் போய்ச் சொல்லுங்கள், நெஞ்சு வலி இருக்கிறதா, பக்கத்தில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா கேளுங்கள், உட்காருங்கள், ஓரமாக நிற்காதீர்கள், அக்கரையில் ஆம்புலன்ஸ் நிற்கச் சொல்கிறேன் என்றெல்லாம் உளறினேன். சலேஹா இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நான் பேசுவதை எல்லாம் கேட்டார். கோபப்படவில்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்று இப்படி இருக்க மாட்டேன்.

“ரமணி, நீ போனை வையிம்மா. நான் ஐனாகிட்ட பேசணும்.”

வைத்தேன்.